வீரப்பன் வரவேற்பறைக்கு வந்தபோது

2007-இல் மக்கள் தொலைக்காட்சியில் 'சந்தனக்காடு' தொடர் வந்தபோது சந்தனமரக் கடத்தல்காரர் வீரப்பன் இறந்து மூன்றாண்டுதான் ஆகியிருந்தது. 2004 அக்டோபர் 18 இரவு பாப்பாரப்பட்டி அருகே அதிரடிப்படை அவரைச் சுட்டுக் கொன்றது. அந்தச் சூடு ஆறுவதற்குள் வ.கௌதமன் இயக்கத்தில் கராத்தே ராஜா அதே மீசையோடு வீட்டுக்கு வீடு வந்து நின்றார். மாமியார் மருமகள் சண்டைக்குப் பழகிய தமிழ்ச் சின்னத்திரைக்கு இது புது விருந்தாளி.

நிஜக் குற்றத்தைத் தொலைக்காட்சி நாடகமாக்கும் ஆசை மிகப் பழையது. 1939 மார்ச்சில், தொலைக்காட்சி என்பதே லண்டன் சுற்றுவட்டாரத்துக்குள் அடங்கியிருந்த நாளில், பிபிசி 'ரோப்' நாடகத்தை நேரலையாகக் காட்டியது. பாட்ரிக் ஹாமில்டன் 1929-இல் மேடைக்கு எழுதியது அது. லியோபோல்ட், லோப் என்ற பணக்கார மாணவர்கள் இருவர் 1924-இல் சிகாகோவில் 14 வயதுச் சிறுவனைக் கொன்ற வழக்கின் சாயல் அதில் உண்டு. பிணத்தை ஒரு பெட்டிக்குள் வைத்து, அதன் மேலேயே சாப்பாடு பரப்பி, செத்தவனின் அப்பாவையும் விருந்துக்கு அழைக்கிறார்கள். கொன்றவர்கள் பேசிக்கொண்டே இருக்கிறார்கள்; செத்தவனுக்கு ஒரு வசனமும் கிடையாது.

'சந்தனக்காடு' வீரப்பனை நாயகனாக்கிவிட்டது என்று அன்றே குறை சொன்னார்கள். குறையில் நியாயம் இருக்கிறது. காட்டில் கண்ணிவெடிக்குப் பலியான காவலர்களுக்கும் வீடு வாசல் இருந்தது. பா.ம.க. நிறுவனர் ராமதாஸ் ஆதரவில் தொடங்கிய சேனல், வீரப்பனைத் தம்மவராக நினைத்த வடமாவட்டத்துப் பார்வையாளர்கள் என்று பார்த்தால் தொடரின் சாய்வு எந்தப் பக்கம் என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனாலும் தேடுதல் வேட்டையில் சிக்கிய மலைக்கிராமத்து ஜனங்களின் கதை தினமும் வீட்டுக்குள் வந்ததே, அதை நான் பெரிதாக நினைக்கிறேன். அதிரடிப்படையின் சித்திரவதைக்கு ஆளான 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் இழப்பீடு தர தேசிய மனித உரிமை ஆணையம் சொன்னதும் அதே 2007-இல்தான். சந்தனக்கட்டை தேடி 1992 ஜூனில் அதிகாரிகள் புகுந்து வதைத்த வாச்சாத்தி கிராமத்து வழக்கில் தீர்ப்பு வர 2011 ஆனது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்தே போனார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இறந்தவர் வழக்குப் போட வரமாட்டார். அவர் மனைவி மக்கள் இருக்கிறார்களே! கொலைக் குற்றவாளி ஆட்டோ சங்கரின் வாழ்க்கைக் கதையை நக்கீரன் இதழ் வெளியிட முயன்ற வழக்கில், 1994-இல் உச்ச நீதிமன்றம் ஒரு கோடு கிழித்தது. நீதிமன்ற ஆவணம் போன்ற பொதுப்பதிவில் இருப்பதை எழுதலாம். அதைத் தாண்டி ஒருவரின் சொந்த வாழ்க்கைக்குள் போக அவருடைய சம்மதம் வேண்டும். பத்திரிகைக்குச் சொன்னது தொடருக்கும் பொருந்தும். ஆனால் வாரம் ஐந்து நாள் கதை நகர்த்த வேண்டிய வசனகர்த்தாவுக்குக் குற்றப்பத்திரிகை மட்டும் போதுமா?

இதையெல்லாம் திருத்தணியில் இருந்துகொண்டு யோசிப்பதற்குக் காரணம், இந்த ஊர் வழியாகப் போகும் திருப்பதி சாலை. நகரி, புத்தூர் தாண்டினால் சேஷாசலம் காடு தூரமில்லை. சந்தனத்தின் இடத்தில் அங்கே செம்மரம். 2015 ஏப்ரல் 7 அன்று சந்திரகிரி அருகே ஆந்திர அதிரடிப்படை சுட்டதில் 20 தமிழர்கள் செத்தார்கள். திருவண்ணாமலை, தருமபுரி பக்கத்துக் கூலிகள்தான் அவர்களில் பெரும்பாலோர். தற்காப்புக்குச் சுட்டோம் என்றது போலீஸ். பிடித்துக்கொண்டு போய்ச் சுட்டார்கள் என்றன மனித உரிமை அமைப்புகள்.

ஆறு வருடம் கழித்து, செம்மரக் கடத்தல்காரனை நாயகனாக்கிய 'புஷ்பா' படம் வந்தது. தமிழும் தெலுங்கும் கலந்து பேசும் எங்கள் பக்கத்தில் அல்லு அர்ஜுன் தோளை உயர்த்தி நடந்த நடையைப் பள்ளிக்கூடத்துப் பையன்கள்கூட நடந்து பார்த்தார்கள். சேஷாசலத்தை யாராவது தொடராக எடுப்பதென்றால் கேமராவை முதலில் அந்தக் கூலிகள் கிளம்பும் ஜவ்வாது மலைக்குக் கொண்டுபோகட்டும். கையில் எவ்வளவு முன்பணம் கொடுத்தார்கள், கொடுத்த மேஸ்திரி யார் என்பதிலிருந்து கதை தொடங்கட்டும்.