அட்வான்ஸ் கொடுக்குமுன் கிரய ஒப்பந்தம்



திருவையாறு பக்கத்துக் கிராமங்களில் நிலம் விற்கிற சேதி பேப்பரில் வருவதில்லை. "பொண்ணு கல்யாணத்துக்கு ஒரு மா நிலத்தைக் கொடுக்கப் போறாங்களாம்" என்று வாய்ப்பேச்சாகத்தான் வரும். வேறு ஆள் முந்திக்கொள்ளக் கூடாதே என்று நகையை அடகு வைத்து, குழுவில் கடன் எடுத்து, அட்வான்ஸைக் கையில் கொடுத்துவிடுகிறோம். மூன்று மாதம் கழித்து அதே நிலம் கூடுதல் விலைக்கு வேறொருவருக்குக் கிரயமானால், நம்மிடம் ஒரு துண்டுச்சீட்டுகூட இருக்காது. குழுத் தவணை மட்டும் மாதாமாதம் கட்டியாக வேண்டும்.

ஆகவே பணம் கொடுக்கும் அன்றே கிரய ஒப்பந்தம், அதாவது அக்ரிமெண்ட், எழுதிக்கொள்ள வேண்டும். பணத்தையும் வங்கி வழியாகவே கொடுங்கள். தமிழ்நாட்டில் 1.12.2012 முதல் இந்த ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். எழுதிய நாளிலிருந்து 4 மாதத்துக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவுக்குக் கொடுக்க வேண்டும். பதிந்துவிட்டால் வில்லங்கச் சான்றில் ஏறிவிடும். அடுத்து வாங்க வருகிறவர் கண்ணில் படும். பதியாத ஒப்பந்தத்தையும், கிரயம் செய்து தரக் கேட்கும் வழக்கில் சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம் என்று 2023 ஏப்ரலில் நம் மாநில வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனாலும் கோர்ட்டுக்கு அலைய நாற்று நடவை விட்டுவிட்டு யார் போவது?

"மூணு மா" என்று மட்டும் எழுதினால் போதாது. ஊர்க் கணக்கில் ஒரு மா ஏறக்குறைய 33 சென்ட். பட்டாவில் உள்ள சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, நான்கு எல்லை எல்லாம் வேண்டும். வாய்க்கால் தண்ணீர் எந்த வழியாக வரும், வண்டி எந்த வழியாகப் போகும் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். நம்ம வயலில் பின்னால் சண்டை வருவதே இதில்தான். மொத்த விலை, அட்வான்ஸ், பாக்கி, கெடு தேதி இவையும் இருக்க வேண்டும். கெடு தேதி தாண்டியும் கிரயம் செய்து தராவிட்டால், அந்தத் தேதியிலிருந்து 3 வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும்.

அடுத்து, யார் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று பாருங்கள். பட்டா இறந்துபோன அப்பா பெயரிலேயே இருக்கும். அண்ணன் தம்பி மட்டும் விற்க வருவார்கள். இந்து வாரிசுச் சட்டப்படி, உயில் இல்லாவிட்டால் மனைவிக்கும், கட்டிக்கொடுத்த மகள்களுக்கும் பங்கு உண்டு. அவர்களும் கையெழுத்துப் போட வேண்டும். நம் பிறந்த வீட்டில் நாம் கேட்கிற அதே பங்குதானே!

கோயில், மடத்து நிலங்கள் இங்கே நிறைய. சாகுபடி செய்கிறவருக்குக் குத்தகை உரிமைதான் உண்டு, விற்கிற உரிமை கிடையாது. கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஒப்பந்தம் போட்டதாலேயே நிலம் நம்முடையது ஆகாது. கிரயப் பத்திரம் பதிவானால்தான் ஆகும். 1.4.2025 முதல், 10 லட்சம் ரூபாய் மதிப்பு வரையுள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைகிறது. கிரயத்துக்கு முன்னால் இதை வீட்டில் சொல்லி வையுங்கள்.