கருவிகளின் கணக்கு

திருவனந்தபுரம் நகரின் நடுவே ஒரு குன்றின்மேல் பழைய வானாய்வுக்கூடம் ஒன்று உள்ளது. திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1837ஆம் ஆண்டு இதனை நிறுவினார். ஜான் கால்டிகாட் என்னும் ஆங்கிலேயர் இதன் முதல் இயக்குநர் ஆவார். இன்று இக்கூடம் கேரளப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் இருக்கிறது.

கூடத்திற்குத் தேவையான கருவிகளை வாங்குவதற்காகக் கால்டிகாட் ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார். 1841ஆம் ஆண்டு திரும்பி வந்தார். பின்னர் அவர் வெப்பமானிகளை நிலத்தினுள் வெவ்வேறு ஆழங்களில் புதைத்து, மண்ணின் வெப்பநிலையை அளந்து வந்தார். மண்ணுக்குள் மறைந்த கருவியைக் கண்ணால் பார்த்து அறிய இயலாது. எந்த வெப்பமானி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்னும் குறிப்பு தொலைந்துவிட்டால், ஆண்டுக்கணக்கில் எடுத்த அளவுகளும் பயனற்றுப் போகும்.

கால்டிகாட்டுக்குப் பின் 1852ஆம் ஆண்டு ஜான் ஆலன் பிரவுன் பொறுப்பேற்றார். ஸ்காட்லாந்து நாட்டவரான இவர், புவியின் காந்த விசை உயரத்திற்கேற்ப மாறுகிறதா என்று அறிய விரும்பினார். ஆகவே 1855ஆம் ஆண்டு அகத்தியமலையின் உச்சியருகே மற்றோர் ஆய்வுக்கூடம் அமைத்தார். அகத்திய முனிவர் உறைந்த இடமாகத் தமிழர் போற்றும் மலை அதுவே. 1,800 மீட்டருக்கு மேல் உயர்ந்த அம்மலைக்கு, காட்டு வழியே நுண்ணிய கருவிகளைக் கொண்டு செல்வது எளிய செயலன்று. இத்தகைய ஆய்வில் வேறொரு சிக்கலும் உண்டு. மலைமேல் உள்ள கருவியும் நகரில் உள்ள கருவியும் வெவ்வேறு அளவு காட்டினால், அவ்வேறுபாடு உயரத்தால் வந்ததா, கருவியின் குறையால் வந்ததா? ஒவ்வொரு கருவியின் வரலாறும் தெரிந்தால்தான் இதற்கு விடை கூற முடியும்.

இன்றைய பல்கலைக்கழகங்களில் கருவிகள் பல்கிப் பெருகிவிட்டன. அவற்றைக் காப்பதற்கு அடிப்படையாக இருப்பது இருப்புப் பதிவேடு. வாங்கிய நாள், விலை, கருவியின் எண், வைக்கப்பட்ட அறை, பொறுப்பாளரின் பெயர் ஆகியவை அதில் இடம்பெறும். இப்பதிவு இல்லாதபோது, ஒரு துறையில் உறை பிரிக்கப்படாமல் கிடக்கும் நுண்ணோக்கியை மற்றொரு துறை மீண்டும் விலை கொடுத்து வாங்க நேரிடும்.

மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017, நிலைச் சொத்துகளை ஆண்டுக்கு ஒருமுறையேனும் நேரில் சரிபார்க்க வேண்டும் என்கின்றன. சரிபார்க்கும்போது பொறுப்பாளர் உடனிருத்தல் வேண்டும்; கண்டறிந்தவற்றைப் பதிவேட்டிலேயே எழுதுதல் வேண்டும். நூலகங்களுக்கு இவ்விதிகள் சிறிது தளர்வு காட்டுகின்றன. ஓராண்டில் படிக்கக் கொடுத்த ஆயிரம் நூல்களுக்கு ஐந்து வரை தொலைவது இயல்பான இழப்பாகவே கொள்ளப்படுகிறது. கருவிகளுக்கு அத்தகைய சலுகை இல்லை. குறைவு, சேதம் எதுவாயினும் உடனே மேலதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும்.

ஆயினும் "இருக்கிறது" என்று குறியிடுவது மட்டும் போதாது. கேரளத்தின் ஈரக்காற்றில் நுண்ணோக்கியின் வில்லைகள்மீது பூஞ்சை எளிதில் படரும். அவ்வாறு மங்கிய நுண்ணோக்கி கணக்கில் இருக்கும்; மாணவர் கைக்கு உதவாது. தராசும் அவ்வாறே. உரிய காலத்தில் அளவுத்திருத்தம் செய்யப்படாத தராசு, எண்களை வழக்கம்போல் காட்டிக்கொண்டுதான் இருக்கும். அவ்வெண்களை நம்ப முடியாது. எனவே கருவியின் நிலையையும், கடைசியாகப் பழுதுபார்த்த நாளையும் எழுதும் பதிவேடே முழுமையான பதிவேடு.

இப்போது பல இடங்களில் கருவிகள்மீது பட்டைக்குறியீடு ஒட்டுகின்றனர். வானலை மூலம் அடையாளம் காட்டும் சில்லுகளும் பயன்படுகின்றன. உலோகப் பரப்பு வானலைகளைத் தடுமாறச் செய்வதால், உலோகக் கருவிகளுக்கென்று தனிவகைச் சில்லுகள் தேவைப்படுகின்றன. பட்டைக்குறியீட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. கருவியை வேறு அறைக்கு மாற்றியவர் அதனை வருடிப் பதியாவிட்டால், கணினி பழைய அறையையே காட்டும். இது குறியீட்டின் குற்றமன்று.

பயன்பாடு முடிந்த கருவியை எவரும் தம் விருப்பப்படி அகற்ற முடியாது. அது பயனற்றது என்பதற்கான காரணத்தை எழுத்தில் பதிந்து, உரிய அதிகாரி ஒப்புதல் அளித்த பின்னரே ஏலத்திற்கோ பிற வழிக்கோ செல்லும். அதன்பின்னும் பதிவேட்டிலுள்ள அதன் வரியை அழிப்பதில்லை. அகற்றிய நாளும் ஆணை எண்ணும் அவ்வரியின் இறுதியில் எழுதப்படுகின்றன.