வானத்தைக் காத்த ராடாரும் வீடிழந்த 27 குடும்பங்களும்

கிறீன்லாந்தின் வடமேற்குக் கரையில் ஊமன்னாக் என்றொரு சிற்றூர் இருந்தது. அங்கு வாழ்ந்த இனுவிட் மக்கள் சீல், வால்ரஸ் போன்ற கடல் விலங்குகளையும் பனிநரிகளையும் வேட்டையாடிச் சீவித்தனர். உழவருக்கு வயல் எப்படியோ, அவர்களுக்கு அந்தக் கடலும் பனியும் அப்படி.

சோவியத் யூனியனுக்கும் ஐக்கிய அமெரிக்காவுக்கும் இடையிலான மிகக் குறுகிய வான்வழி வடதுருவத்தின் மேலாகச் செல்கிறது. அந்த வழியிலே கிறீன்லாந்து கிடந்ததுதான் இம்மக்களுக்கு வந்த வினை. 1951இல் டென்மார்க்குடன் ஒப்பந்தம் செய்துகொண்ட அமெரிக்கா, ஊருக்கு அருகே தூலே விமானத் தளத்தைக் கட்டியது. ஊராரின் சம்மதத்தை எவரும் கேட்கவில்லை.

1953இல் விமான எதிர்ப்புப் பீரங்கிகளுக்கு மேலும் நிலம் தேவைப்பட்டது. அவ்வாண்டு மே மாதத்தில், சில நாட்களுக்குள் வெளியேறுமாறு மக்களுக்குக் கட்டளை வந்தது. 27 குடும்பங்கள், 116 பேர், நூறு கிலோமீற்றருக்கும் அப்பால் வடக்கே உள்ள கானாக்கிற்குப் போயினர். அங்கு வீடுகள் கட்டி முடிக்கப்பட்டிருக்கவில்லை. மக்கள் கூடாரங்களில் தங்கினர்.

1960இல் தளத்தில் ஏவுகணைகளை முன்னறிவிக்கும் ராடார் நிலையம் இயங்கத் தொடங்கியது. மதில்போல நின்ற நான்கு அன்ரனாக்களில் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 50 மீற்றர் உயரம், 120 மீற்றர் அகலம். அவை அனுப்பிய வானொலி அலைகள் சுமார் 4,800 கிலோமீற்றருக்கு அப்பாலிருந்தும் எதிரொலியைக் கொண்டுவந்தன. ஏவுகணை வந்தால் ஏறக்குறைய 15 நிமிட எச்சரிக்கை கிடைக்கும். அத்தனை தூரம் பார்த்த நிலையத்தின் காலடியில் ஓர் ஊர் இருந்ததை உலகம் நெடுங்காலம் அறியவில்லை.

மக்கள் தாமாகவே விரும்பிச் சென்றனர் என்று டென்மார்க் அரசு சொல்லிவந்தது. வெளியேற்றப்பட்டோரும் அவர்தம் பிள்ளைகளும் 'ஹிங்கிடாக் 53' என்ற அமைப்பாகத் திரண்டு 1996இல் வழக்குத் தொடுத்தனர். அது கட்டாய வெளியேற்றமே என 1999இல் மேல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சமூகத்துக்கு 5 இலட்சம் குரோனர் நட்டஈடு கிடைத்தது. கேட்டதோ அதைவிடப் பன்மடங்கு. அதே ஆண்டில் பிரதமர் போல் நிருப் ராஸ்முசன் மன்னிப்புக் கேட்டார்.

ஆயினும் திரும்பிச் சென்று குடியேறும் உரிமையை 2003இல் டென்மார்க்கின் உயர் நீதிமன்றம் மறுத்தது. 2006இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றமும் அவர்களின் முறையீட்டை ஏற்கவில்லை. 2023இல் தளத்தின் பெயர் பிட்டுபிக் விண்வெளித் தளம் என மாற்றப்பட்டது. ராடார் இன்றும் இயங்குகிறது.

இம்மக்கள் பெற்றது முழு நீதியன்று. ஆனால், 'விரும்பிச் சென்றார்கள்' என்ற கூற்று 46 ஆண்டுகளின் பின் நீதிமன்றில் விழுந்தது. எப்போது சொன்னார்கள், எத்தனை நாள் அவகாசம் தந்தார்கள், போன இடத்தில் என்ன இருந்தது என்பனவே அங்கு எழுந்த கேள்விகள். நிலத்தைவிட்டுப் போக நேர்ந்த எந்தக் குடும்பமும் இவற்றுக்கான விடைகளை, முதியவர்கள் இருக்கும்போதே, நாளும் பெயரும் இட்டு ஒரு கொப்பியில் எழுதி வைப்பது நல்லது. பேரப்பிள்ளைகளுக்கு அது தேவைப்படலாம்.