ஆட்டத்தைக் குலைப்பவரை விலக்குவது யார்?

பலர் ஒரே நேரத்தில் சேர்ந்தாடும் இணைய விளையாட்டுகளில், தாம் ஆடுவதைவிடப் பிறர் ஆட்டத்தைக் கெடுப்பதையே இன்பமாகக் கொள்வோர் தொடக்கம் முதலே இருந்துவருகின்றனர். மைன்கிராஃப்ட் என்ற ஆட்டத்தில் ஒருவர் பாடுபட்டு எழுப்பிய கட்டடத்தை இடித்துத் தள்ளுவதும், அரட்டைப் பகுதியில் வசை பொழிவதும், வேண்டுமென்றே சொந்த அணியைத் தோற்கடிப்பதும் இவ்வகையைச் சேர்ந்தவை. ஆட்டக்காரர்கள் இதனைக் 'கிரீஃபிங்' என்பர். பெருநிறுவனங்களின் ஆட்டங்களில் இதைக் கவனிக்கச் சம்பளப் பணியாளர்கள் உண்டு. ஆனால் சிலரே கூடும் சிறிய சர்வரில், அதாவது ஆட்டம் இயங்கும் கணினியில், அப்பொறுப்பு ஓய்வு நேரத்தில் அதை நடத்தும் அட்மின் ஒருவர் மீதே விழுகிறது. விலக்குவது அவருக்கு ஒரு கட்டளை இடும் வேலைதான். எந்த விதியின்படி, யாருடைய ஒப்புதலோடு விலக்குவது என்பதே கடினமான வினா.

இவ்வினாவை முதன்முதலில் எதிர்கொண்ட சமூகங்களுள் ஒன்று லாம்டாமூ. அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தைச் சேர்ந்த பாவெல் கர்ட்டிஸ் 1990இல் தொடங்கிய இம்மெய்நிகர் உலகில் படங்கள் இல்லை. அறைகளும் மனிதர்களும் செயல்களும் எழுத்தாலேயே விவரிக்கப்பட்டன. 'மந்திரவாதிகள்' எனப்பட்ட அதன் நிர்வாகிகள், உறுப்பினர்களின் சச்சரவுகளில் இனித் தலையிடாமல் தொழில்நுட்பப் பணியை மட்டும் கவனிப்பதென 1992 இறுதியில் அறிவித்தனர்.

சில மாதங்களுக்குள் அந்த அறிவிப்பு சோதனைக்கு உள்ளாயிற்று. மிஸ்டர் பங்கிள் என்ற புனைபெயரில் உலவிய ஒருவர், பிறருடைய பாத்திரங்கள் தாமே இழிவான பாலியல் செயல்களில் ஈடுபடுவதுபோல எழுத்தில் காட்டும் சிறு நிரலொன்றைப் பொது அறையில் ஏவினார். பாதிக்கப்பட்டோர் அவரை நீக்கக் கோரினர். உறுப்பினர்கள் கூடி நெடுநேரம் விவாதித்தும், முடிவெடுக்கும் முறையே வகுக்கப்படாதிருந்ததால் கூட்டம் முடிவின்றிக் கலைந்தது. பின்னர் மந்திரவாதி ஒருவர் தனித்து முடிவெடுத்து அக்கணக்கை அழித்தார். ஜூலியன் டிபெல் 1993 டிசம்பரில் 'வில்லேஜ் வாய்ஸ்' இதழில் எழுதிய கட்டுரை இந்நிகழ்வைப் பரவலாக அறியச் செய்தது. நீக்கப்பட்டவரே வேறு பெயரில் மீண்டும் நுழைந்ததாகத் தோன்றியதையும் அது பதிவு செய்தது.

இதையடுத்து கர்ட்டிஸ், உறுப்பினர்கள் மனு அளித்து வாக்கெடுப்பு மூலம் முடிவெடுக்கும் முறையை ஏற்படுத்தினார். ஆனால் சச்சரவுகள் ஓயவில்லை. தொழில்நுட்ப முடிவுகளையும் சமூக முடிவுகளையும் பிரித்துவைக்க இயலாதெனக் கூறி, 1996இல் மந்திரவாதிகள் தலையிடும் உரிமையை மீண்டும் எடுத்துக்கொண்டனர். கேள்விமுறையற்ற தனி அதிகாரம், அதிகாரத்தைத் துறந்து ஒதுங்குதல், எல்லாவற்றையும் வாக்குக்கு விடுதல் ஆகிய மூன்றும் தனித்தனியே போதாதவை என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.

இவற்றுக்கு மாற்றுவழியை இணையத்துக்கு வெளியே காணலாம். மேய்ச்சல் நிலம், மீன்வளம், பாசன நீர் போன்ற பொதுவளங்களை மக்களே ஆளும் முறைகளை ஆராய்ந்து 2009இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற எலினார் ஆஸ்ட்ரம், நீடித்து நிலைத்த அமைப்புகளில் தண்டனை படிப்படியாகக் கடுமையாவதையும், விதிகளை வகுப்பதில் அவற்றுக்கு உட்படுவோர்க்கும் பங்கிருப்பதையும், தகராறுகளைத் தீர்க்க எளிய வழி இருப்பதையும் கண்டார். சிறிய சர்வருக்கும் இவை பொருந்தும். முதலில் எச்சரிக்கை, அடுத்துப் பேச்சை அடக்கும் 'மியூட்', பின்னர் தற்காலிக விலக்கம், இறுதியில் நிரந்தர விலக்கமான 'பேன்' என்ற வரிசை, அறியாது தவறியவரையும் திட்டமிட்டுக் கெடுப்பவரையும் பிரித்தறிய உதவும். கொடிய துன்புறுத்தலுக்கு மட்டும் இவ்வரிசை காத்திருக்க வேண்டியதில்லை.

தொழில்நுட்பமும் துணைநிற்கிறது. அனுமதிக்கப்பட்ட பெயர்களை மட்டும் உள்ளே விடும் 'ஒயிட்லிஸ்ட்', புதுப்பெயரில் திரும்புவோரைப் பெருமளவு தடுக்கும். மைன்கிராஃப்ட் சர்வர்களில் பயன்படும் கோர்ப்ரொடெக்ட் என்ற இணைப்பு நிரல், எந்தக் கட்டையை யார் எப்போது உடைத்தார் எனப் பதிந்துவைத்து, இடித்ததை மீட்டும் தருகிறது. பதிவு இருந்தால் தீர்ப்பு வதந்தியையோ நட்பையோ சார்ந்திருக்க வேண்டியதில்லை.

ஆகவே, சர்வர் தொடங்குவோர் முதல் தகராறு வரும்வரை காத்திராமல், விதிகளையும் தண்டனை வரிசையையும் மேல்முறையீட்டைக் கேட்பவர் யார் என்பதையும் முதல் நாளிலேயே எழுதி அனைவரும் காணும்படி வைப்பதும், அவ்விதிகளை அட்மினின் நண்பர்களுக்கும் தவறாமல் பொருத்துவதும் இன்றியமையாதவை.