மைனஸை மைனஸால் பெருக்கினால் ப்ளஸ் வருவது ஏன்?

ஐந்து மாம்பழத்தை எடுத்துக் காட்டலாம். மைனஸ் ஐந்து மாம்பழத்தை யாராலும் காட்ட முடியாது. அப்படியென்றால் அது எண்தானா? ஐரோப்பியரை வெகுகாலம் தடுத்தது இந்தக் கேள்விதான். 1758-இல்கூட இங்கிலாந்தின் ஃபிரான்சிஸ் மாசெரெஸ் எதிர்மறை எண்களை மறுத்துத் தனி நூலே எழுதினார். ஆனால் 3-ஆம் நூற்றாண்டிலேயே சீனாவின் லியூ ஹுய், நேர் எண்ணுக்குச் சிவப்புக் குச்சி, எதிர் எண்ணுக்குக் கறுப்புக் குச்சி என்று வகுத்துவிட்டார். 628-இல் பிரம்மகுப்தர் இந்த இருவகை எண்களைச் சொத்து, கடன் என்று பிரித்து, பூஜ்யத்தையும் சேர்த்து விதிகள் தந்தார். எண் பொருளை மட்டுமல்ல, நிலையையும் அளக்கும் என்று கண்டுகொண்ட அபாரமான பாய்ச்சல் அது!

மளிகைக் கடைப் பற்று நோட்டைப் பாருங்கள். உங்கள் பேரில் 50 ரூபாய்ப் பற்று மூன்று வரி இருக்கிறது: மைனஸ் 150. கடைக்காரர் மூன்றையும் அடித்துவிடுகிறார். கையில் காசு ஏறவில்லை, ஆனாலும் உங்கள் நிலை 150 ரூபாய் உயர்ந்துவிட்டது. கடன் ஒரு மைனஸ், அதை நீக்குவது இன்னொரு மைனஸ்: மைனஸ் 50-ஐ மைனஸ் 3-ஆல் பெருக்கினால் ப்ளஸ் 150.

‘இது நாமாக வைத்துக்கொண்ட ஏற்பாடுதானே?’ என்று கேட்கலாம். இல்லை. எழுதிய மூன்று வரியையும் அடித்தால் கணக்கு பூஜ்யத்துக்குத் திரும்பியாக வேண்டும். அடித்ததன் விடையும் மைனஸ் 150 என்றால், நோட்டில் 300 ரூபாய்க் கடன் நிற்கும்.