புயல் போன பிறகு தொடங்கும் வேலை

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. காற்றின் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேல். அதற்கு முன்பே 80,000க்கும் மேற்பட்டோர் முகாம்களுக்குக் கொண்டுவரப்பட்டிருந்தார்கள். படகுகள் கரையேற்றப்பட்டிருந்தன, பள்ளிகளுக்கு விடுமுறை விடப்பட்டிருந்தது. அன்று எதிர்க்கட்சித் தலைவராக இருந்த மு.க.ஸ்டாலினே அரசின் முன்னெச்சரிக்கை நடவடிக்கைகளைப் பாராட்டினார். இரண்டே நாளில் நிலைமை தலைகீழானது. குடிநீர் கேட்டும் மின்சாரம் கேட்டும் டெல்டா முழுக்கச் சாலை மறியல் நடந்தது. புதுக்கோட்டை மாவட்டம் கொத்தமங்கலத்தில் அரசு வாகனங்கள் கொளுத்தப்பட்டன.

பாராட்டு பொய்யில்லை, மக்களின் ஆற்றாமையும் பொய்யில்லை. பேரிடர் மேலாண்மையின் ஒரு கட்டத்தில் அரசு தேறியது, அடுத்த கட்டத்தில் தடுமாறியது.

2004 சுனாமியில் நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் மாண்ட பிறகுதான், 2005 டிசம்பரில் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. பிரதமர் தலைமையில் தேசிய ஆணையம், முதல்வர் தலைமையில் மாநில ஆணையம், மாவட்டத்தில் ஆட்சியர் என்று பொறுப்பு வகுக்கப்பட்டது. பேரிடர் வந்தபின் அரிசியும் வேட்டி சேலையும் கொடுப்பதே அரசின் வேலை என்றிருந்ததை இந்தச் சட்டம் மாற்றியது. ஆபத்தைக் குறைக்கும் தணிப்பு, அதை எதிர்கொள்ள ஆயத்தம், வந்ததும் மீட்பும் நிவாரணமும், பிறகு மறுவாழ்வும் மறுகட்டமைப்பும் என எல்லாமே அரசின் கடமை ஆயின. இவை ஒன்று முடிந்து ஒன்று தொடங்குபவை அல்ல. மறுகட்டமைப்பில் எழுப்பும் வீடு அடுத்த புயலுக்கான தணிப்பு. நிவாரணத்தில் விட்ட குறை அடுத்த ஆயத்தத்தில் தொட்ட குறையாக வந்து நிற்கும்.

ஆயத்தத்தில் நாம் தேறியிருக்கிறோம் என்பதில் சந்தேகமில்லை. ஒடிசாவை 1999இல் தாக்கிய பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். அதே கரையில் 2013இல் பைலின் புயல் வந்தபோது சுமார் 10 லட்சம் பேர் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டார்கள், உயிரிழப்பு ஐம்பதைத் தொடவில்லை. கஜாவிலும் அப்படித்தான், உயிரிழப்பு நூறுக்குள் நின்றது. ஓர் உயிர்கூடக் குறைவான கணக்கல்ல. ஆனாலும் முன்னெச்சரிக்கை எதைச் சாதிக்க முடியும் என்பதற்கு இந்த எண்களே சாட்சி.

வானிலை ஆய்வுத் துறையின் புயல் எச்சரிக்கை நான்கு கட்டங்களாக வருகிறது. ஏறத்தாழ 72 மணி நேரத்துக்கு முன் முதல் கவனக்குறிப்பு. 48 மணி நேரத்துக்கு முன் அடுத்தது. 24 மணி நேரத்துக்கு முன் வருவது எந்த இடத்தில், எப்போது, எவ்வளவு காற்று என்று சொல்லும். இந்த மூன்றும் தொலைக்காட்சியில் ஓயாமல் ஓடும். 12 மணி நேரத்துக்கு முன் வரும் நான்காவது அறிக்கைக்குத்தான் யாரும் காது கொடுப்பதில்லை. கரையைக் கடந்த பின் புயல் உள்நாட்டில் எந்தப் பக்கம் போகும், அங்கே என்ன சேதம் வரலாம் என்பதைச் சொல்வது அதுதான்.

கஜா அந்த நான்காவது அறிக்கையின் அருமையைக் காட்டிய புயல். கரையேறியதும் சோர்ந்துவிடாமல் புதுக்கோட்டை, சிவகங்கை, திண்டுக்கல் என்று நாட்டுக்குள்ளேயே நடந்து மறுபக்கம் அரபிக் கடலில் இறங்கியது. முகாமும் படகும் கயிறும் மீட்புக் குழுவும் கடலோரத்தை நோக்கியே நின்றிருந்தன. கடலையே பார்க்காத ஊர்களில் புயல் என்றால் கடற்கரைக்காரர்களின் கவலை என்றே இருந்தார்கள். அந்த ஊர்களில்தான் மின்சாரம் கடைசியாக வந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்திருந்தன. பிற மாவட்டங்களிலிருந்து வந்த மின் ஊழியர்கள் இடுப்பளவு தண்ணீர் நின்ற வயலில் கம்பத்தைத் தோளில் சுமந்துபோய் நட்டார்கள். அதுவரை ஊருக்குத் தண்ணீர் கொடுத்தது வாடகை ஜெனரேட்டர். அதை மினி லாரியில் ஏற்றிவந்து மேல்நிலைத் தொட்டியின் மோட்டாரோடு இணைப்பார்கள். தொட்டி நிரம்பியதும் வண்டி அடுத்த ஊருக்குப் போகும். குடத்தோடு நின்றவர்கள் அது எப்போது திரும்பும் என்று கேட்டபடி இருப்பார்கள். புயலுக்கு முந்தைய வாரமே ஒன்றியத்துக்கு இத்தனை ஜெனரேட்டர் என்று ஒப்பந்தம் போட்டு வைத்திருந்தால் மறியலில் பாதி நடந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

உயிர் காப்பது நாட்கணக்கு வேலை. வாழ்வை மீட்பது வருடக்கணக்கு வேலை, அதிலும் தென்னை இருக்கும் பூமியில். பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரத்தில் தோப்புத் தோப்பாகச் சாய்ந்த மரங்களில் முப்பது நாற்பது வருடம் காய்த்தவை இருந்தன. நெல் போனால் அடுத்த போகம் உண்டு. நெட்டைத் தென்னை நட்டால் காய்ப்புக்கு வர ஐந்து முதல் ஏழு வருடம் ஆகும். அரசு அறிவித்த நிவாரணம் மரத்துக்கு 600 ரூபாய், சாய்ந்த மரத்தை வெட்டி அகற்ற 500 ரூபாய், ஆக 1,100. ஹெக்டேருக்கு 175 மரம் என்ற கணக்கில் 1,92,500 ரூபாய். ஏழு வருடம் குடும்பத்தை எதை வைத்து ஓட்டுவது என்பதற்கு இந்தத் தொகையில் பதில் இல்லை. தமிழக அரசு மத்திய அரசிடம் ஏறத்தாழ 15,000 கோடி ரூபாய் கேட்டது. அந்த டிசம்பர் கடைசியில் தேசிய நிதியிலிருந்து ஒப்புதலானது 1,146 கோடி.

பணம் ஒரு பக்கம் இருக்கட்டும், சாய்ந்த மரத்தை அகற்றுவதையே பாருங்கள். ஒரே சமயத்தில் எல்லாத் தோப்பும் சாய்ந்தால் மரம் அறுக்கும் மெஷினுக்கும் ஆளுக்கும் பஞ்சம் வரும், கூலி ஏறும். 500 ரூபாய்க்குள் கட்டுப்படியாகாதவர்கள் மரத்தை அப்படியே போட்டுவிட்டார்கள். அழுகும் தென்னந்தண்டு காண்டாமிருக வண்டுக்கு நல்ல விளைநிலம். புழு அதற்குள் வளர்ந்து, வண்டாகி வெளியே வந்து, பக்கத்தில் புதிதாக நட்ட பிள்ளையின் குருத்தைத் துளைக்கும். குருத்துப் போனால் தென்னை போயிற்று. அகற்றாமல் விட்ட பழைய சேதம் இப்படிப் புதிய நடவையும் தின்றுவிடும். மீட்சியைத் தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நேரான உதாரணம் எனக்குத் தெரியாது. மெஷினுக்கு வந்த பஞ்சம் கன்றுக்கும் உண்டு. வேப்பங்குளத்தில் தென்னை ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. ஆனால் ஒரு மாவட்டத்துக்கே ஒரே நேரத்தில் கன்று வேண்டுமென்றால் எந்த நாற்றங்காலாலும் உடனே ஈடுகொடுக்க முடியாது. தென்னை நெற்றை முளைக்க வைத்துத் தேறிய கன்றாக்கவே மாதக்கணக்கில் ஆகும்.

நிவாரணம் யாருக்குப் போகிறது என்பது அடுத்த கேள்வி. கிராம நிர்வாக அலுவலர் வந்து மரத்தை எண்ணுகிறார், அடங்கலில் உள்ளதோடு ஒப்பிடுகிறார், பட்டாவில் யார் பெயர் இருக்கிறதோ அவர் கணக்குக்குப் பணம் போகிறது. தாத்தா பெயரிலேயே கிடக்கும் பட்டா, வாய்வார்த்தையாக எடுத்த குத்தகை, புறம்போக்கில் வைத்த நாலு மரம், இவை எல்லாம் அப்போதுதான் சிக்கலாகத் தெரியவரும். பட்டா மாறுதல் முகாமைப் பேரிடர் ஆயத்தம் என்று யாரும் நினைப்பதில்லை. புயல் மாவட்டங்களில் அது படகுக்கும் கயிறுக்கும் குறையாத ஆயத்தம்.

மீட்சியும் பேரிடர் மேலாண்மையின் பகுதியே என்ற புரிதல் சர்வதேச அளவில் இருக்கிறது. 2015இல் ஜப்பானின் செண்டாய் நகரில் ஐ.நா. உறுப்பு நாடுகள் ஏற்றுக்கொண்ட செயல்திட்டம், முன்பு இருந்ததைவிட உறுதியாகத் திரும்பக் கட்டுவதை முன்னுரிமைகளில் ஒன்றாக வைத்தது. நம் நாட்டில் 15ஆவது நிதி ஆணையம் 2021 முதல் 2026 வரைக்கான மாநிலப் பேரிடர் நிதியைப் பங்கிட்டுக் காட்டியது. மீட்பு, நிவாரணத்துக்கு 40 சதவீதம், மீட்சிக்கும் மறுகட்டமைப்புக்கும் 30, ஆயத்தத்துக்கு 10, தணிப்புக்கு 20. மீட்சிக்கென்று தனிப்பங்கு ஒதுக்கியதை முக்கியமான மாற்றமாகவே பார்க்கிறேன். கஜா காலத்தில் அப்படி ஒரு பங்கு இல்லை.

ஆனால் அந்த 30 சதவீதம் பழைய கணக்கிலேயே செலவானால் பயனில்லை. விழுந்த மரத்தை எண்ணியவர்கள், அந்த மரத்தை நம்பிப் பிழைத்தவர்களை எண்ணவில்லை. மரமேறியவர்கள், மட்டை உரித்தவர்கள், கீற்று முடைந்த பெண்கள், கயிற்று ஆலையில் கூலிக்கு நின்றவர்கள், இவர்கள் பெயரில் அடங்கலில் ஒரு மரம்கூட இல்லை. ஆகவே நிவாரணக் கணக்கில் இவர்களுக்கென்று ஒரு வரிகூட இல்லை. தோப்பு மறுபடி காய்க்கும்வரை இவர்களுக்கு வேலை தருவதையும் மீட்சித் திட்டத்தில் எழுத வேண்டும். தண்டு அகற்றுவது, குழி எடுப்பது, கன்று நடுவது, நீர்நிலைக் கரையைப் பலப்படுத்துவது எல்லாம் இவர்கள் கைக்குத் தெரிந்த வேலைகளே. ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழைக்கு முன்பும் ஆட்சியர்கள் நடத்தும் ஆய்வுக் கூட்டத்தில் முகாம்களின் பட்டியல், மீட்புக் குழுக்களின் பட்டியல், 1077 என்ற உதவி எண் எல்லாம் சரிபார்க்கப்படுகின்றன. ஊர் ஊராகக் கூலித் தொழிலாளர்களின் பட்டியலையும் அதே கூட்டத்தில் மேசைக்குக் கொண்டுவரலாம்.