உணவுக்கு ஒரு திர்ஹம், கோடரிக்கு ஒரு திர்ஹம்

இந்தோனேசியாவில் 2020-இல் விலைவாசி பெரிதாக ஏறவில்லை. பணவீக்கம் 1.68 விழுக்காடுதான். ஆனாலும் 2019 செப்டம்பரில் 2.48 கோடியாக இருந்த ஏழைகள், ஓராண்டில் 2.75 கோடியைத் தாண்டினார்கள். கொரோனாவில் வேலை போனதுதான் காரணம். வேலையில்லாதோர் ஏறத்தாழ 27 லட்சம் கூடினர். ஏழைகள் ஏறத்தாழ 28 லட்சம் கூடினர்.

2022-இல் நிலைமை தலைகீழ். வேலையின்மை ஓராண்டில் 6.49 விழுக்காட்டிலிருந்து 5.86-க்கு இறங்கியிருந்தது. செப்டம்பர் 3 அன்று பெர்டாலைட் பெட்ரோல் லிட்டர் 7,650 ரூபியாவிலிருந்து 10,000 ஆனது. மார்ச்சில் தலைக்கு மாதம் 5,05,469 ரூபியாவாக இருந்த வறுமைக்கோடு, செப்டம்பரில் 5,35,547-க்கு ஏறியது. நாலு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 1,20,312 ரூபியா கூடுதல் செலவு. அந்தக் கோட்டில் ஏறத்தாழ முக்கால் பங்கு சாப்பாட்டுக்கே போகிறது, முதலிடம் அரிசிக்கு. வேலை பெருகியும் ஆறு மாதத்தில் ஏழைகள் 2 லட்சம் கூடினார்கள்.

விலையேற்றத்தின் அடியை இஸ்லாமியப் பொருளாதாரம் எடையால் தாங்குகிறது. இந்தோனேசியாவில் ரமலான் முடிவில் ஏழைகளுக்குக் கொடுக்கும் பித்ரா தலைக்கு இரண்டரைக் கிலோ அரிசி. விலை இரட்டித்தாலும் ஏழைக்குச் சேரும் அரிசி குறையாது. வசதியுள்ளோர் ஏழைகளுக்குக் கட்டாயமாகக் கொடுக்கும் ஜகாத் கடமையாகும் வரம்பும் 85 கிராம் தங்கம் என்றே நிற்கிறது.

வேலையின்மைக்கு வழி வேறு. உதவி கேட்டு வந்த, மதீனாவாசியான அன்சாரித் தோழரின் விரிப்பையும் கிண்ணத்தையும் நபிகள் நாயகம் இரண்டு திர்ஹம் வெள்ளிக் காசுக்கு ஏலம் விட்டதை அபூதாவூத் ஹதீஸ் தொகுப்பு பதிவு செய்கிறது. ஒரு திர்ஹத்துக்கு வீட்டுக்கு உணவு, இன்னொன்றுக்குக் கோடரி. கோடரிக்கு நபிகளே பிடி போட்டுக் கொடுத்தார்கள். விறகு வெட்டி விற்றவர் பதினைந்து நாளில் பத்து திர்ஹத்துடன் திரும்பினார்.

இந்தோனேசியாவில் ஆண்டுக்கு 327 லட்சம் கோடி ரூபியா ஜகாத் திரட்ட முடியும் என்பது தேசிய ஜகாத் வாரியமான பாஸ்னாஸின் மதிப்பீடு. 2022-இல் விருப்பத் தானமான ஸதகாவும் சேர்த்துக் கணக்கில் வந்தது சுமார் 22 லட்சம் கோடி. அதை அத்தனை ஏழைகளுக்கும் பங்கிட்டால் தலைக்கு மாதம் ஏறத்தாழ 70,000 ரூபியா. வறுமைக்கோட்டில் கூடிய 30,078-ஐ ஈடுகட்ட அது போதும். வருமானமே நின்றுபோன நாலு பேர் வீட்டுக்கோ மாதம் 21 லட்சத்துக்கு மேல் வேண்டும். அந்த வீட்டுக்குத் தையல் மெஷினோ தள்ளுவண்டியோ, தொழில் முதலாகவே ஜகாத் போய்ச் சேர வேண்டும்.